படிப்பா, பனிச்சறுக்கா? இரண்டையும் விடாத டார்ட்மத் கல்லூரி அணி

எஸ்பிஎம் ஆண்டு வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் மூலைக்குப் போவது பந்தும் பூப்பந்து மட்டையும்தான். "முதல்ல படிப்ப முடி, விளையாட்ட அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெற்றோர் சொல்வார்கள். அந்த 'அப்புறம்' பலருக்கு வருவதே இல்லை. தோட்டத் திடலில் மாவட்ட அளவுக்கு ஓடிய பிள்ளை, கல்லூரிக்குப் போனதும் காலணியைக் கழற்றி வைத்துவிடுகிறது.

பனி பெய்யும் நாடுகளிலும் இதே கேள்வி உண்டு. அங்கே பனிச்சறுக்கு விளையாட்டாளர்கள் 18 வயதில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தேசிய அணியை நம்பி ஐரோப்பா முழுவதும் பயணம் செய்வதா, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்குவதா? இரண்டையும் ஒருசேரச் செய்ய வழி அமைத்துக் கொடுத்த கல்லூரிகளில் மிகப் பழைமையான ஒன்று, அமெரிக்காவின் நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தில் உள்ள டார்ட்மத் கல்லூரி.

வரும் பிப்ரவரி 6ஆம் தேதி இத்தாலியின் மிலான், கோர்ட்டினா நகரங்களை மையமாகக் கொண்டு 2026 குளிர்கால ஒலிம்பிக் தொடங்குகிறது. அதே வாரங்களில் அமெரிக்கக் கல்லூரிகளின் பனிச்சறுக்குப் பருவமும் உச்சத்தில் இருக்கும். இந்த நேரத்தில் டார்ட்மத் அணியின் மலை, அதன் அமைப்பு, வரும் பருவத்தில் அது சந்திக்கவுள்ள சோதனைகள் ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

கல்லூரியும் பனியும்

டார்ட்மத் 1769ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கனெக்டிகட் ஆற்றங்கரையில், வெர்மோண்ட் மாநில எல்லையை ஒட்டிய ஹானோவர் என்ற சிறு நகரில் இருக்கிறது. ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய 'ஐவி லீக்' குழுவில் இதுவும் ஒன்று. ஜனவரி மாத இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது சாதாரணம்.

நீண்ட குளிர்காலத்தில் மாணவர்கள் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைக் கண்ட ஃபிரெட் ஹாரிஸ் என்ற மாணவர், 1909இல் ஒரு வெளிப்புற நடவடிக்கைக் கழகத்தைத் தொடங்கினார். பனியில் நடப்பது, மலையேறுவது, சறுக்குவது ஆகியவை அதன் வேலை. 1911இல் 'குளிர்காலத் திருவிழா' பிறந்தது. மற்றக் கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. இன்றும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கல்லூரிகளுக்கு இடையிலான பனிச்சறுக்குப் போட்டிகள் 'கார்னிவல்' என்றே அழைக்கப்படுகின்றன.

1924இல் பிரான்சின் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில், டார்ட்மத்தில் படித்த ஜான் கார்ல்டன் அமெரிக்காவுக்காகக் களமிறங்கினார். அதன்பின் நடந்த எல்லாக் குளிர்கால ஒலிம்பிக்கிலும் அக்கல்லூரியைச் சேர்ந்த ஒருவராவது பங்கேற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

சொந்த மலை, சொந்தத் தடம்

நம் நாட்டில் ஒரு பள்ளிக்குச் சொந்தத் திடல் இருப்பதே பெரிய செய்தி. டார்ட்மத்துக்குச் சொந்தமாக ஒரு பனிச்சறுக்கு மலையே இருக்கிறது.

கல்லூரியிலிருந்து வாகனத்தில் சுமார் 20 நிமிடத் தொலைவில், லைம் என்ற ஊரில் 'டார்ட்மத் ஸ்கீவே' உள்ளது. 1956இல் திறக்கப்பட்டது. எதிரெதிரே நிற்கும் ஹோல்ட்ஸ் லெட்ஜ், வின்ஸ்லோ லெட்ஜ் என்ற இரு மலைச்சரிவுகள் சேர்ந்ததே இந்த இடம். உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். ஆல்ப்ஸ் மலையோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம் ஆகிய இரு கல்லூரிப் போட்டிகளுக்கும் இந்த உயரம் போதும்.

மலை கைவசம் இருப்பதன் பயன் நேரத்தில் தெரிகிறது. காலையில் வகுப்பை முடித்துவிட்டு, பிற்பகலில் பயிற்சி செய்து, இரவு நூலகத்துக்குத் திரும்பிவிடலாம். மலை வெகுதூரத்தில் இருக்கும் கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி நாளில் பாதி சாலையிலேயே போய்விடும். ஸ்கீவே பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சறுக்கப் பழகுவதும் இதே சரிவில்தான்.

இரண்டாவது இடம் ஓக் ஹில். கல்லூரிக்கு மிக அருகில், காட்டுக்குள் செல்லும் தடங்கள் கொண்டது. சமதளத்திலும் மேட்டிலும் நெடுந்தூரம் ஓடும் 'நோர்டிக்' பிரிவினர் இங்கே பயிற்சி செய்கிறார்கள். இந்தக் குன்றுக்கு ஒரு வரலாறும் உண்டு. அதற்கு முந்திய காலத்தில் சறுக்குபவர்கள் மலை உச்சிக்குக் காலால் ஏறித்தான் போக வேண்டும். 1934இல் பக்கத்து வெர்மோண்டின் வூட்ஸ்டாக் ஊரில், பழைய ஃபோர்டு காரின் இயந்திரத்தைக் கொண்டு கயிற்றை இழுத்து ஆட்களை மேலே ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு, அதாவது 1935இல், வட அமெரிக்காவிலேயே முதன்முறையாகத் தலைக்கு மேல் கம்பிவடம் ஓடும் ஏற்றி ஓக் ஹில்லில் அமைக்கப்பட்டது.

2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய வெற்றியாளர் போட்டியை டார்ட்மத் தன் சொந்த மண்ணிலேயே ஏற்று நடத்தியது. சரிவுப் போட்டிகள் ஸ்கீவேயிலும், நெடுந்தூரப் போட்டிகள் ஓக் ஹில்லிலும் நடந்தன.

பனி பெய்யாவிட்டால்?

இவ்வளவு வசதி இருந்தும் பனி மட்டும் யார் கையிலும் இல்லை. நியூ ஹேம்ப்ஷியரில் குளிர்காலம் முன்பைவிட வெப்பமாகி வருகிறது. டிசம்பரில் பெய்ய வேண்டிய பனி மழையாகப் பெய்தால், தடம் கரைந்து பனிக்கட்டியாக இறுகிவிடும். மழைக்காலத்தில் மழை பொய்த்தால் விவசாயிக்கு எப்படியோ, இவர்களுக்கும் அப்படித்தான்.

அதனால் செயற்கைப் பனி இன்று ஆடம்பரம் என்ற நிலையைக் கடந்து அடிப்படைத் தேவையாகிவிட்டது. குளத்திலிருந்து எடுக்கும் நீரை உயர் அழுத்தக் காற்றோடு சேர்த்து நுண்துளிகளாக வானில் பீய்ச்சுகிறார்கள். துளி தரையைத் தொடுவதற்குள் உறைந்து பனியாகிறது. இதற்கும் குளிர் வேண்டும். காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொண்டு அளக்கும் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இயந்திரம் பலன் தரும். ஆகவே குளிரான இரவுகள் கிடைத்ததும் விடிய விடிய இயந்திரங்களை ஓட்டிப் பனியைச் சேர்த்து வைப்பார்கள்.

ஸ்கீவேயில் இந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஓக் ஹில்லிலும் அண்மைக் காலத்தில் செயற்கைப் பனி வசதி செய்யப்பட்டது. நெடுந்தூரப் பிரிவினர் பனியைத் தேடி வேறு ஊர்களுக்கு அலைவது இதனால் குறைகிறது.

இன்னொரு மாற்றமும் சேர்ந்துள்ளது. பலகையின் அடியில் தடவும் மெழுகில் ஃப்ளோரின் வேதிப்பொருள் கலந்தால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். அது மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்கிவிடுவதால், அனைத்துலகப் பனிச்சறுக்கு சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டது. மெழுகு தயாரிப்பவரின் அனுபவமும், பனியின் தன்மையைக் கணிக்கும் திறனும் முன்பைவிட முக்கியமாகிவிட்டன.

அணியில் யார் யார்?

கல்லூரிப் பனிச்சறுக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே அணி. 1983 முதல் தேசியப் பட்டமும் இருபாலருக்கும் பொதுவாக, ஒரே பட்டமாகவே வழங்கப்படுகிறது. பெண்கள் எடுக்கும் புள்ளியும் ஆண்கள் எடுக்கும் புள்ளியும் ஒரே பெட்டியில் விழும்.

அணிக்குள் நான்கு பிரிவுகள் உள்ளன. ஆல்பைன் ஆண்கள், ஆல்பைன் பெண்கள், நோர்டிக் ஆண்கள், நோர்டிக் பெண்கள்.

ஆல்பைன் என்பது சரிவில் நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குவது. ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும், பலகை குட்டையானது. ஆண்களுக்குக் குறைந்தது 165 சென்டிமீட்டர், பெண்களுக்கு 155. ஜெயண்ட் ஸ்லாலத்தில் கம்பங்களுக்கு இடைவெளி அதிகம், வேகமும் அதிகம். பலகை 190 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு முறை இறங்க வேண்டும். இரு நேரங்களையும் கூட்டித்தான் முடிவு. ஒரு கம்பத்தைத் தவறவிட்டால் அன்றைய உழைப்பு அத்தனையும் வீண்.

நோர்டிக் நம் நெடுந்தூர ஓட்டத்தைப் போன்றது. இணைகோடாகப் போட்ட தடத்தில் கால் மாற்றி மாற்றி ஓடும் 'கிளாசிக்' முறை ஒன்று. உருளைச்சறுக்கு போலப் பக்கவாட்டில் தள்ளி ஓடும் 'ஃப்ரீஸ்டைல்' முறை மற்றொன்று. முன்பு பலகையோடு பாயும் போட்டியும் கல்லூரி அளவில் இருந்தது. 1980க்குப் பிறகு அது தேசியப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

ஒரு கார்னிவலில் ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் களமிறங்கலாம். அவர்களில் சிறந்த மூவரின் புள்ளி மட்டுமே அணிக்குச் சேரும். நான்கு பிரிவுக்கும் சேர்த்து 24 பேர் தேவை என்பதால் அணிப் பட்டியல் எப்போதும் நீளமாகவே இருக்கும். காயம், காய்ச்சல், தேர்வு என்று யாராவது விலகினால் ஈடுகட்ட ஆள் வேண்டும்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்றுநர்கள் முதலில் பார்ப்பது அனைத்துலகச் சம்மேளனத்தின் புள்ளிப் பட்டியலை. இதில் புள்ளி குறையக் குறையத் தரம் உயர்வு; பூஜ்யம்தான் உச்சம். வெர்மோண்டின் பர்க் மலை அகாடமி போன்ற பனிச்சறுக்குப் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் கல்லூரி அணிகளுக்கு வருகிறார்கள். பள்ளிப் படிப்புக்குப் பின் ஓரிரு ஆண்டு போட்டிகளில் மட்டும் கவனம் செலுத்திவிட்டு வருபவர்களும் உண்டு. அதனால் முதலாண்டு மாணவருக்கு 20 வயது என்பது இங்கே வியப்பில்லை.

ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை. டென்வர், யூட்டா, கொலராடோ போன்ற மேற்குப் பல்கலைக்கழகங்கள் தருகின்றன. அவை நார்வே, சுவீடன் முதலிய நாடுகளிலிருந்தும் ஆள் சேர்க்கின்றன. டார்ட்மத்துக்கு வருபவர் தேர்ச்சி மதிப்பெண்ணில் மற்ற மாணவரோடு போட்டியிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

பருவத்தை மாற்றிக்கொள்ளும் வசதி

டார்ட்மத்தின் உண்மையான பலம் அதன் கல்வி நாட்காட்டியில் இருக்கிறது. ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம், கோடை. 1972இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது, கூடுதல் மாணவர்களுக்கு இடம் தருவதற்காக இந்த முறை கொண்டுவரப்பட்டது. எந்தப் பருவத்தில் படிப்பது, எதில் விடுப்பு எடுப்பது என்பதில் மாணவருக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு.

தேசிய அணியில் இருக்கும் ஒருவர் குளிர்காலத்தில் ஐரோப்பாவில் போட்டியிட்டுவிட்டு, வசந்தத்திலும் கோடையிலும் வந்து படிக்கலாம். பட்டம் வாங்க நான்கு ஆண்டுக்குப் பதில் ஆறேழு ஆண்டு ஆகலாம். ஆனால் கதவு மூடுவதில்லை.

கோர்ட்டினாவில் வெள்ளி வென்ற மாணவர்

70 ஆண்டுகளுக்கு முன், 1956இல், இதே கோர்ட்டினாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஆண்கள் ஸ்லாலத்தில் ஆஸ்திரியாவின் டோனி சைலர் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்து வெள்ளி வென்றவர் ஜப்பானின் சிஹாரு இகாயா. குளிர்கால ஒலிம்பிக்கில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

அப்போது இகாயா டார்ட்மத் மாணவர். கல்லூரி அணிக்காகவும் தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றவர். 1957இல் பட்டம் பெற்றார். பின்னாளில் காப்புறுதித் துறையில் பணியாற்றி, அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் துணைத் தலைவராகவும் உயர்ந்தார். படிப்பு அவருடைய விளையாட்டைக் கெடுக்கவில்லை. விளையாட்டு அவருடைய வாழ்க்கைத் தொழிலைத் தடுக்கவும் இல்லை.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. டேவிட் சோடோன்ஸ்கி டார்ட்மத்தில் பொறியியலும் நிலவியலும் படித்தவர். 2005இல் கல்லூரிகளின் தேசிய ஸ்லாலம் வெற்றியாளர். படிப்பை முடித்த பிறகே அமெரிக்க அணிக்குள் நுழைந்தார். 2014, 2018 ஒலிம்பிக்கில் பங்கேற்றார்.

பக்கத்து மாநிலத்தின் வெர்மோண்ட் பல்கலைக்கழகம், டார்ட்மத்தின் நெடுநாள் எதிரணி. அங்கே படித்த பவுலா மோல்ட்சானின் கதை இன்னும் அழுத்தமானது. 2016இல் அவர் அமெரிக்க அணியிலிருந்து நீக்கப்பட்டார். கல்லூரியில் சேர்ந்து 2017இல் தேசியக் கல்லூரி ஸ்லாலம் பட்டத்தை வென்றார். 2018 நவம்பரில், மாணவியாக இருக்கும்போதே, கில்லிங்டன் உலகக் கிண்ணப் போட்டியில் 17ஆவது இடம் பிடித்தார். பிறகு தேசிய அணியின் கதவு மீண்டும் திறந்தது. 2023 உலக வெற்றியாளர் போட்டியில் கலப்பு அணிப் பிரிவில் அமெரிக்கா தங்கம் வென்றபோது மோல்ட்சானும் அந்த அணியில் இருந்தார். அவரோடு நின்ற நீனா ஓ'பிரையன், டாமி ஃபோர்டு ஆகிய இருவரும் டார்ட்மத்தில் படித்தவர்கள்.

வரும் பருவம் எப்படி?

ஜனவரியில் தொடங்கி பிப்ரவரி இறுதிவரை வார இறுதிகளில் கார்னிவல் போட்டிகள் நடக்கும். டார்ட்மத், வெர்மோண்ட், மிடில்பரி, வில்லியம்ஸ் முதலிய கல்லூரிகள் கிழக்குப் பிரிவில் மோதும். மார்ச்சில் தேசிய வெற்றியாளர் போட்டி. டார்ட்மத் தேசியப் பட்டத்தை மூன்று முறை பெற்றிருக்கிறது. 1958இல் தனியாக வென்றது. 1976இல் கொலராடோவுடன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2007இல் தனியாக வென்றது. 24 பட்டங்களுடன் டென்வர் முதலிடத்தில் இருந்தாலும், அண்மைக் காலம் யூட்டாவுக்குச் சொந்தம். 2019, 2021, 2022, 2023, 2025 பட்டங்கள் அதனிடமே சென்றன. இடையில் 2024இல் கொலராடோ வென்றது.

இந்தப் பருவத்தில் டார்ட்மத்தின் நிலையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும்.

முதலாவது, ஒலிம்பிக். பிப்ரவரி 6 முதல் 22 வரை சிறந்த விளையாட்டாளர்கள் சிலர் இத்தாலியில் இருக்கக்கூடும். கல்லூரிக்கு அது பெருமை. அணிக்கு அது இழப்பு. மேற்குப் பல்கலைக்கழகங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எனவே யாரிடம் அடுத்த வரிசை ஆட்கள் பலமாக இருக்கிறார்களோ அவர்களே கார்னிவல்களில் முந்துவார்கள்.

இரண்டாவது, 12 பேர் கணக்கு. தேசியப் போட்டிக்கு ஒரு கல்லூரி அனுப்பக்கூடியது அதிகபட்சம் 12 பேர். பிரிவுக்கு மூவர். அந்த இடங்கள் தானாகக் கிடைப்பதில்லை. பருவம் முழுவதும் எடுத்த முடிவுகளைக் கொண்டு ஒவ்வொருவரும் தகுதி பெற வேண்டும். 12 இடத்தையும் நிரப்ப முடியாத அணிக்குப் பட்டக் கனவு ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். நிரப்பினாலும் ஆபத்து உண்டு. மூவரில் ஒருவர் விழுந்தால் அவர் இடத்தை ஈடுகட்ட நான்காமவர் இல்லை. ஆகவே மின்னல் வேகத்தில் ஒருநாள் வென்று மறுநாள் விழுபவரைவிட, எட்டாவது, பத்தாவது இடத்தில் தவறாமல் வந்து சேர்பவரே பயிற்றுநருக்கு வேண்டியவர்.

மூன்றாவது, பனி. டிசம்பர் குளிராக அமைந்தால் சொந்த மலையில் பயிற்சியை முன்கூட்டியே தொடங்கலாம். வெப்பமாக அமைந்தால் முதல் கார்னிவலுக்குப் போதிய பயிற்சி இல்லாமல் போக நேரும்.

ஆக, கிழக்குப் பிரிவில் டார்ட்மத் முன்வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். தேசியப் பட்டத்துக்கு யூட்டா, கொலராடோ, டென்வர் ஆகியவற்றை ஒரே வாரத்தில் முந்த வேண்டும். அது எளிதன்று.

நம் பிள்ளைகளுக்கு என்ன?

மலேசியாவில் பனி பெய்யாவிட்டாலும், 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் ஆல்பைன் பிரிவில் நம் கொடியைத் தாங்கினார். 2022 பெய்ஜிங்கில் அவருடன் அருவின் சலேஹுடினும் களமிறங்கினார். இருவரும் வெளிநாட்டுப் பனியில் வளர்ந்த திறமைகள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பலகையில் ஏறி நிற்கப் போவதில்லை.

ஆனாலும் கல்வி விஷயமாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2022இல் டார்ட்மத் தன் சேர்க்கை முறையை மாற்றியது. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதும், கட்டணம் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் தகுதியை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. தேர்வானவரின் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப உதவித்தொகை தரப்படுகிறது. போட்டி மிகக் கடுமை; ஆனால் சம்பளச் சீட்டு தடையாக நிற்பதில்லை. அத்தகைய விண்ணப்பங்களில் மதிப்பெண்ணோடு, மாணவர் ஒரு நடவடிக்கையில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதையும் பார்க்கிறார்கள். சிலம்பமோ ஹாக்கியோ, விடாமல் செய்தது எதுவானாலும் அங்கே எழுதலாம்.

எனவே எஸ்பிஎம் ஆண்டில் பந்தை மூலையில் வைக்கச் சொல்லும் முன், பெற்றோர் ஒருமுறை யோசிக்கலாம். நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. பிப்ரவரியில் தொலைக்காட்சியில் கோர்ட்டினாவின் வெள்ளைச் சரிவைப் பார்க்கும்போது, 1956இல் அங்கே வெள்ளி வென்றவர் ஒரு கல்லூரி மாணவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.